“அந்த ஊசியே வேண்டாம்” என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. போன வருடம் குடலிறக்கத்துக்கு முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அன்று முழுக்க வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரவு வரை சிறுநீர் வராமல், கடைசியில் டியூப் போட்டார்கள். மருந்து பில்லில் ‘கிளைகோபைரோலேட்’ ஊசி 3 என்று இருந்தது. தேடிப் பார்த்தால் வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு இரண்டுமே அதன் பக்கவிளைவு என்று வருகிறது. அப்பா ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறார். அடுத்த மாதம் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி. இந்த ஊசியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். ப்ராஸ்டேட் என்றும் கண் அழுத்தம் என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதை எழுதிக் கொடுங்கள். போன முறை டியூப் போட்டதையும் சேர்த்து எழுதுங்கள். மயக்க மருந்து டாக்டருக்கு வேண்டியது அந்த மூன்று தகவல்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டர்களாகிய நாங்கள் கிளைகோபைரோலேட்டைச் சுருக்கமாக ‘கிளைக்கோ’ என்போம். இதயத் துடிப்பை இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் மாதிரி வேகஸ் என்றொரு நரம்பு இருக்கிறது. அது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரந்து துடிப்பைக் குறைக்கிறது. எச்சில் சுரக்க வைப்பதும், குடலை அசைப்பதும், சிறுநீர்ப்பையைச் சுருங்க வைப்பதும் அதே ரசாயனம்தான். அது போய் உட்கார வேண்டிய இடத்தில் கிளைக்கோ முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் துடிப்பு ஏறும், வாய் உலரும், சிறுநீர்ப்பை கொஞ்சம் மந்தமாகும். எங்களுக்குத் தேவை பெரும்பாலும் முதலாவதுதான். மற்றவை கூடவே வருகின்றன.

ஒரு காலத்தில் வாய் உலர்வதுதான் இந்த வகை ஊசியின் முதல் வேலையாக இருந்தது. ஈத்தர் கொடுத்து மயக்கிய நாட்களில் எச்சில் ஊற்றெடுக்கும், அது மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆபத்து. அதனால் எல்லோருக்கும் முன்கூட்டியே இதே வகையைச் சேர்ந்த அட்ரோபின் என்ற பழைய மருந்தைப் போட்டார்கள். ஈத்தர் போன பிறகும் அந்தப் பழக்கம் வெகுகாலம் போகவில்லை. இப்போது கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும்போதும், மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்போதும் எச்சிலுக்காகப் போடுகிறோம். மற்றபடி எல்லோருக்கும் போட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

அட்ரோபின் நம்மூர் ஊமத்தையிலும் இருக்கிற சரக்கு. ஊமத்தை தின்றவன் பிதற்றுவான் என்பது ஊரறிந்தது, ஏனென்றால் அது மூளைக்குள் போகும். நான் பயிற்சியில் இருந்தபோது அட்ரோபின் போட்ட ஒரு முதியவர், வார்டில் படுத்துக்கொண்டு இல்லாத மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். கிளைகோபைரோலேட்டின் மூலக்கூறு மின்னேற்றம் கொண்டது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது எளிதில் தாண்டாது. வயதானவர்களுக்கு இதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

சரி, அப்பாவின் விஷயத்துக்கு வருவோம். வாய் வறண்டதற்கு இந்த ஊசியைக் குற்றம் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். நரம்பில் போட்ட ஒரு நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், இதயத்தின் மீதான விளைவு இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும், எச்சில் வறட்சி ஏழு மணி நேரம் வரை நீளலாம். வெறும் வயிற்றில் இருந்ததும் சேர்ந்துகொண்டிருக்கும்.

சிறுநீர் வராமல் போனதற்கு மட்டும் முழுப் பழியை இதன் மேல் போட மாட்டேன். முதுகில் போட்ட மருந்து கால்களை மரத்துப்போக வைத்தது போலவே சிறுநீர்ப்பையின் நரம்புகளையும் மரத்துப்போக வைத்திருக்கும். பை நிறைவது தெரியாது. மேலே குளுக்கோஸும் சலைனும் இறங்கிக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறி விரிந்த பை, மரப்பு நீங்கிய பிறகும் சுருங்கத் திணறும். வாசலில் வீங்கிய ப்ராஸ்டேட் வேறு நிற்கிறது. குடலிறக்க ஆபரேஷனே இந்தத் தொல்லைக்குப் பேர்போனது. கிளைக்கோவும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

முதுகு ஊசியில் ரத்த அழுத்தத்தோடு நாடித் துடிப்பும் சிலருக்குச் சரசரவென இறங்கும், போன முறை அதற்காகத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பில்லில் 3 என்று இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு மில்லி ஆம்பியூலில் இருப்பது 0.2 மி.கி.தான்.

இப்போது பித்தப்பை. இதில்தான் அந்த ஊசி வேண்டாம் என்று சொல்வது உங்களுக்கே பாதகமாகும். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி உப்ப வைப்பார்கள். வயிற்றின் உள்சவ்வு திடீரென்று இழுபடும்போது வேகஸ் விழித்துக்கொள்ளும். எழுபதில் இருந்த துடிப்பு கண்ணெதிரே முப்பத்தைந்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். வாயுவை வெளியே விடச் சொல்வோம், அதிலும் ஏறாவிட்டால் கிளைக்கோ அல்லது அட்ரோபின். அந்த நேரத்தில் கையெழுத்துக் காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு இடமும் இருக்கிறது. முழு மயக்கத்தில் தசைகளைத் தளர்த்த ஒரு மருந்து கொடுக்கிறோம். முடிந்ததும் அதை முறிக்க நியோஸ்டிக்மின் போடுவது வழக்கம். அது உடல் முழுக்க அசிட்டைல்கோலினைக் கூட்டிவிடும். தசைக்கு அது நல்லது, மூச்சு திரும்பும். ஆனால் இதயத்தை அது அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொரு மி.கி. நியோஸ்டிக்மினுக்கும் 0.2 மி.கி. கிளைக்கோவைத் துணைக்கு அனுப்புவோம். இரண்டும் கலந்த ஆம்பியூலே கடையில் வருகிறது.

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. சுகமாடெக்ஸ் என்ற முறிவு மருந்து ராக்குரோனியம், வெக்குரோனியம் ஆகிய தளர்த்திகளை நேரடியாகப் பிடித்துக் கட்டிவிடும். நியோஸ்டிக்மின் வேண்டாம், அதற்குத் துணையாகக் கிளைக்கோவும் வேண்டாம். விலைதான் கூடுதல். போன முறை சிறுநீர் அடைத்தவருக்கு இதைக் கேட்பதில் தவறே இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். அதைப் போட்டாலும், துடிப்பு இறங்கினால் கொடுப்பதற்குக் கிளைக்கோவோ அட்ரோபினோ எங்கள் தட்டில் தயாராகத்தான் இருக்கும்.

கண் விஷயத்தில் ‘கண் அழுத்தம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிகிற கோணம் திறந்திருக்கும் வகையா, மூடிய வகையா என்று கண் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். திறந்த வகை, சொட்டு மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது என்றால் வழக்கமான அளவில் பெரிய கவலை இல்லை. கோணம் குறுகியவர்களுக்கு இந்த வகை மருந்தால் கண்மணி விரிந்தால் அழுத்தம் திடீரென ஏறலாம். லேசர் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சொட்டு மருந்துப் புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். அதில் டிமோலால் இருந்தால் அதுவே நாடியைக் குறைக்கக் கூடியது. ஆபரேஷன் அன்று காலை சொட்டையும் ப்ராஸ்டேட் மாத்திரையையும் நிறுத்திவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பொதுவாக இரண்டுமே தொடர வேண்டியவை. ஆபரேஷனுக்கு முன் பிட்னஸ் பார்க்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சளி மாத்திரை, தூக்கத்துக்கான அமிட்ரிப்டிலின், அவசரமாகச் சிறுநீர் வருவதற்கான மாத்திரை எதுவும் எடுக்கிறாரா? இவற்றில் பலவும் கிளைக்கோவின் பங்காளிகள், சேர்ந்தால் வறட்சியும் அடைப்பும் கூடும்.

தியேட்டருக்குக் கிளம்பும் முன் பாத்ரூம் போய்விட்டு வரட்டும். திரும்பி வந்ததும் வாய் வறண்டால், நர்ஸ் சரி என்று சொல்லும் வரை ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும். வார்டுக்கு வந்து ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு உப்பிக் கனக்கிறது என்றால் இரவு வரை காத்திருக்காமல் சொல்லுங்கள். பை அளவுக்கு மீறி விரிவதற்கு முன் வெளியேற்றிவிட்டால் தேறுவது சீக்கிரம்.

கண்ணில் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கூடவே தலைவலியும் வாந்தியும் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தியை மட்டும் பார்த்து “மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை” என்று விட்டுவிடாமல், கண் சிவந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.