சீசன் இல்லாத அந்தமானுக்குத் தனியாக: செலவு எவ்வளவு, பணம் எங்கிருந்து?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 43. கைக்கு 46,000 ரூபாய் வருகிறது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வங்கியில் நகையை வைத்து 60,000 வாங்கினேன், 9% வட்டி. ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு ஓடுகிறது. அவசரத்துக்கு என்று 90,000 வைத்திருக்கிறேன். எல்லாம் போக மாதம் 10,000 மிஞ்சும். அதை நகைக் கடனில் கட்டலாம் என்று இருந்தேன். ஆனால் வரும் ஆகஸ்டில் அம்மாவை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வாரம் தனியாக அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போக ஆசை. டிசம்பரில் 4,800 சொல்லும் அறை ஆகஸ்டில் 2,400-க்குக் கிடைக்கிறது. ரயில், விமானம், படகு, 6 இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 40,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தண்ணீரில் இறங்கக்கூட வேண்டாம், யாருக்கும் சோறு வடிக்காமல் ஒரு வாரம் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அண்ணன் வெட்டிச் செலவு என்கிறார். கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ போடலாமா? சீட்டை எடுத்துவிடலாமா? போன மாதம் 14,000 தள்ளி எடுத்தார்கள்.

பதில்: போய் வாருங்கள். ஆனால் கார்டும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். அந்த 90,000 பக்கம் கையே போகக் கூடாது.

முதலில் சீட்டு. 14,000 தள்ளி எடுத்தால், அதாவது ஏலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுத்தால், உங்கள் பணத்திலேயே 14,000 போகிறது. டிசம்பருக்குப் பதில் ஆகஸ்டில் போவதால் அறை வாடகையில் மிச்சமாவது 6 இரவுக்கு 14,400. மழைக்காலத்தில் போய் மிச்சம் பிடித்ததை அப்படியே சீட்டு ஏலத்தில் விடுவதா? நோ காஸ்ட் இஎம்ஐயிலும் செயலாக்கக் கட்டணம் உண்டு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை, பயணம் ரத்தானால் பணம் திரும்பி வந்து கணக்கு நேராகும் வரை தவணை ஓடிக்கொண்டே இருக்கும். மழைக்காலப் பயணத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது.

வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மார்ச் முதல் ஜூலை வரை அந்த 10,000-ஐ எடுத்து வையுங்கள், 50,000 சேரும். பெரும்பாலான வங்கிகளில் ஆர்டி, அதாவது மாதத் தவணைச் சேமிப்பு, குறைந்தது 6 மாதம் போட வேண்டும். அதனால் வேறொரு சேமிப்புக் கணக்கு போதும். ஏடிஎம் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். இதனால் நகை வீட்டுக்கு வர 5 மாதம் தாமதமாகும். 60,000-க்கு மாத வட்டி 450, ஐந்து மாதத்துக்கு 2,250. இந்தப் பயணத்துக்கு நீங்கள் கூடுதலாகத் தரும் விலை இவ்வளவுதான். ஆனால் அந்த 450-ஐ மாதாமாதம் தவறாமல் கட்டிவிட வேண்டும். வட்டி நின்று நகை ஏலத்துக்குப் போனால் எந்தக் கடற்கரையும் அதை ஈடு செய்யாது.

அண்ணனிடம் இதை முதலீடு என்று நிரூபிக்க முயல வேண்டாம். இது செலவுதான். உழைத்துச் சம்பாதித்தவர், கடன் வாங்காமல், அவசரப் பணத்தைத் தொடாமல், ஐந்து மாதம் சேர்த்துச் செய்யும் செலவு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய் எழுதுகிறோம், யாரும் கணக்குக் கேட்பதில்லை. உங்களுக்காக ஒரு வாரம் செலவு செய்ய நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இனி, அறை ஏன் பாதி விலை என்பதைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரும் முன்பே, மே 20-ஐ ஒட்டியே அந்தமானுக்கு வந்துவிடும். ஆகஸ்டில் கடல் கொந்தளிக்கும். ஸ்கூபா, பவளப்பாறை பார்ப்பது என்று போகிறவர்களை நான் இந்த மாதத்தில் அனுப்பவே மாட்டேன். நீங்கள் கேட்பது நாற்காலியும் அலையும். அதற்கு ஆகஸ்ட் சரிதான். ஆனால் ஹேவ்லாக்குக்குப் பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும், கடல் மோசமானால் படகு ஓடாது. அந்தத் தள்ளுபடிக்குள் இந்த ஆபத்தின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை எடுத்து வைக்காமல் போனால் மொத்தத்தையும் அங்கே இழந்துவிட்டு வர நேரும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் ஹேவ்லாக் படகுத்துறையில் நின்றிருந்தேன். மதியப் படகு இல்லை என்று அறிவித்தார்கள். பக்கத்தில் ஒரு பையன், பையை மடியில் வைத்துக்கொண்டு, நனைந்த விரலால் போன் திரையைத் தேய்த்துத் தேய்த்து டிக்கெட் தேடிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவனுக்குச் சென்னை விமானம். விமானம் குறித்த நேரத்தில் கிளம்பிவிடும், அவன்தான் அங்கே இருக்க மாட்டான். விமான நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணமோ மாற்று விமானமோ கிடைக்கும். படகு வராமல் நாம் தவறவிட்டால் வரியும் விமான நிலையக் கட்டணமும் மட்டும்தான் திரும்ப வரும். அவன் அன்று கடைசி நேர விலையில் வேறு டிக்கெட் வாங்கினான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவன் முகமே சொன்னது.

ஆகவே கடைசி இரவை ஹேவ்லாக்கில் வைக்காதீர்கள். போர்ட் பிளேருக்கு, இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிடுங்கள். அங்கே 1,800-க்குச் சுத்தமான அறை பாருங்கள். ஹேவ்லாக்கில் மீதி 5 இரவுக்கு, நீங்கள் பார்த்த 2,400 விலை ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையா என்று கவனியுங்கள். அப்படியானால் இரவுக்கு 300 கூடுதலாகக் கொடுத்து, ரத்து செய்ய முடிந்த அறையாக எடுங்கள். 5 இரவுக்கு 13,500, போர்ட் பிளேரையும் சேர்த்தால் 15,300. உங்கள் கணக்கில் 900 மட்டுமே கூடுகிறது, மொத்தம் 40,900. சேர்த்த 50,000-இல் மீதி 9,100 மழைக்கான பணம். படகு ஓடாமல் இரண்டு நாள் மாட்டிக்கொண்டாலும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தாங்கும். அலுவலகத்திலும் இரண்டு நாள் விடுப்பைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரங்களில் 'ஒருவருக்கு' என்று போடும் பேக்கேஜ் விலை பெரும்பாலும் இரண்டு பேர் ஓர் அறையில் தங்கும் கணக்கு. ஒற்றை ஆளாகப் போனால் அறை வாடகையும் டாக்ஸியும் முழுதாக உங்கள் தலையில்தான். அதனால் தனித்தனியாக நீங்களே பதிவு செய்வது நல்லது. விடுதிக்கு நேரடியாகப் போன் செய்து, ஒருவர்தான், ஐந்து இரவு தங்குவேன், காலைச் சாப்பாட்டைச் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். ஆள் இல்லாத ஆகஸ்டில் பலர் சரி என்பார்கள். அறையைத் தீவின் கிழக்குப் பக்கம், விஜய்நகர் அல்லது கோவிந்த்நகர் பக்கம் எடுங்கள். தென்மேற்குக் காற்று நேராக மோதுவது ராதாநகர் இருக்கும் மேற்குக் கரையில். சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு மாலை ராதாநகருக்குப் போய் வாருங்கள், ஆனால் ஐந்து மணிக்கே அங்கே இருக்க வேண்டும். நம் ஊரைவிடச் சீக்கிரம் இருட்டிவிடும்.

விமான டிக்கெட்டை ஜூன் முதல் வாரத்தில் எடுங்கள், அதற்குள் கையில் 30,000 இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பயணக் காப்பீடும் எடுக்கலாம். படகு ரத்தாவதும் அதில் அடங்குமா என்று பாலிசியைப் படித்துவிட்டு எடுங்கள். தீவில் ஏடிஎம்கள் குறைவு, மழையில் சிக்னல் போனால் யுபிஐ வேலை செய்யாது. 5,000 ரொக்கத்தை இரண்டு இடத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வானம் வெளுத்து, படகெல்லாம் நேரத்துக்கு ஓடி, அந்த 9,100 செலவாகாமல் ஊருக்குத் திரும்பினால், வந்த வாரமே அதை நகைக் கடனின் அசலில் கட்டிவிடுங்கள்.