அருங்காட்சியகத்தில் உயிருள்ள விலங்குகள்: பராமரிப்பாளரின் ஒரு நாள்

கேள்வி: சென்னையில் குழந்தைகளுக்கான ஓர் அறிவியல் அருங்காட்சியகத்தில் புதிதாக உயிரினக் கூடம் திறக்கிறார்கள். விலங்கியல் படித்த என்னைப் பராமரிப்பாளராகச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகள், பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்று, நான்கு செங்காது ஆமைகள், பன்னிரண்டு பட்ஜி கிளிகள், மூன்று மீன் தொட்டிகள் இருக்கும். உதவிக்கு ஒருவர் உண்டு. என் வேலை நாளை எப்படி அமைத்துக்கொள்வது? எதில் அதிகக் கவனம் வேண்டும்? – வாசகர், தாம்பரம்

பதில்: உங்கள் விலங்குகளுக்கு முதல் ஆபத்து, அவை இருக்கும் கட்டடம்தான். அருங்காட்சியகத்தின் ஏசி, விளக்கு, துப்புரவு, பூச்சி மருந்து எல்லாம் உயிரில்லாத பொருட்களையும் வந்து போகும் மனிதர்களையும் மனத்தில் வைத்து நடப்பவை. இரவு ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கல்வெட்டுக்கு ஒன்றும் ஆகாது. மீன் தொட்டிக்கு ஆகும். இந்த ஊரிலும் 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். விலங்குகள் அங்கே நிலைக்கவில்லை. சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. நீங்கள் ஒரே கூரையின் கீழ் இரண்டையும் நடத்தப் போகிறீர்கள். கட்டடத்தின் பழக்கங்களை விலங்குகளுக்கு ஏற்ப மாற்ற வைப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

கூடம் திறக்கும் முன்பே நிர்வாகத்திடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உயிரினக் கூடத்துக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். மற்ற கூடங்களோடு சேர்த்து அணைக்கக் கூடாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் அந்தத் தளத்துக்கே வரக் கூடாது. அவர்கள் அடிக்கும் பைரித்ராய்டு மருந்து மனிதர்களைப் பெரிதாகப் பாதிக்காது. மீனுக்கு மிகச் சிறிய அளவே போதும், பாம்புக்கும் பல்லியினத்துக்கும் நரம்பைத் தாக்கும். பக்கத்து அறையில் அடித்தாலும் ஏசி குழாய் வழியாக வந்துவிடும், ஏர் பம்ப் அதை உறிஞ்சித் தொட்டிக்குள் தள்ளும். அலமாரிகளில் போடும் பாச்சை உருண்டை, கொசுவத்தி, எறும்பு சாக்பீஸ் எல்லாவற்றுக்கும் இதே தடை. தரையில் பினாயில் போட்டுத் துடைப்பதும் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைச் சேர்மங்கள் ஊர்வனவற்றுக்கு விஷம். எறும்பைத் தடுக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் நம் வீட்டு முறையே போதும். தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது, கொசுவும் முட்டையிடாது. எறும்பை அலட்சியம் செய்யாதீர்கள். நோயில் சுருண்டு கிடக்கும் விலங்கை ஒரே இரவில் மொய்த்துவிடும்.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பால் பைத்தானும் இகுவானாவும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்றின் நகல் உங்களிடமும் இருக்கட்டும். கூடம் திறந்த மறுவாரமே யாராவது நட்சத்திர ஆமையையோ பச்சைக்கிளியையோ கூடையில் வைத்து, ‘வீட்டில் வளர்க்க முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கொண்டுவருவார்கள். வாங்கிக்கொள்ளாதீர்கள். உள்நாட்டு வனவிலங்கை வைத்துக் காட்ட மத்திய விலங்குக் காட்சிசாலை ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இனி நாள். கூடம் பத்து மணிக்குத் திறந்தால் நீங்கள் ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் இருபது நிமிடம் எதையும் தொடாதீர்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள், பார்த்துக்கொண்டே நடங்கள். எண்ணிக்கை சரியா, பூட்டு சரியா என்பது முதலில். அடுத்து ஒவ்வோர் அடைப்பிலும் இரவின் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைக் காட்டும் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு ரீசெட் செய்யுங்கள். இரவில் ஏசி தவறாக ஓடியதா, கரண்ட் போனதா என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

பட்ஜி கிளிகளில் எதுவும் சிறகைச் சிலுப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டுகிறதா? அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும். மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்தால் ஏர் பம்பைப் பாருங்கள். பைத்தான் வாயை லேசாகத் திறந்து தலையை நிமிர்த்தியே வைத்திருந்தால், மூக்கில் குமிழி வந்தால், சுவாசத் தொற்று. பெரும்பாலும் ஏசி காற்று நேராகப் படுவதுதான் காரணம். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொட்டும் முன் வெள்ளைத் தாளின் மேல் தூக்கிப் பாருங்கள். அடியில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் கிடந்தால் அவை தூசி அல்ல, உண்ணிகள். பாம்பு பகலெல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடப்பதும் அதன் அறிகுறிதான். அப்போது கடையில் கேட்டு ஐவர்மெக்டின் வாங்கி அடிக்க வேண்டாம், மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள். முக்கியமாக அந்த மருந்து ஆமைகளின் பக்கமே போகக் கூடாது, ஆமைகளைக் கொன்றுவிடும்.

பார்த்த பிறகே சுத்தம். எச்சத்தைப் பார்க்காமல் அள்ளாதீர்கள். பாம்பின் எச்சத்தோடு வரும் சுண்ணாம்பு போன்ற பகுதி வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். கெட்டியாக, மணல் மணலாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. சுத்தம் செய்யும் வரிசையும் மாறக் கூடாது: முதலில் பறவை, பிறகு ஊர்வன, அதன்பின் உடம்பு சரியில்லாதவை, கடைசியாகத் தனிமை அறை. புதிதாக வரும் பறவைக்குக் குறைந்தது 30 நாள், ஊர்வனவற்றுக்கு 60 முதல் 90 நாள் தனிமை வேண்டும். அந்த அறையின் வாளி, தூரிகை, செருப்பு எல்லாம் வேறு நிறத்தில் இருக்கட்டும். சிவப்பு வாளி வெளியே தெரிந்தால் யாரோ தவறு செய்கிறார்கள் என்று உதவியாளருக்கும் உடனே புரியும்.

கிருமி நீக்க 4–5 சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வாசனை போகக் காயவைத்த பிறகே விலங்கை உள்ளே விட வேண்டும். அழுக்கின் மேல் அதை ஊற்றினால் பயன் இல்லை. கரிமக் கழிவு குளோரினைத் தின்றுவிடும். எனவே முதலில் சோப்பு, பிறகு பிளீச். டாய்லெட் கழுவும் அமிலத்தோடு இதைக் கலக்கக் கூடாது; வரும் குளோரின் வாயு உங்களையும் சேர்த்து வீழ்த்தும்.

சென்னையில் தண்ணீருக்குத் தனிக் கவனம் வேண்டும். மெட்ரோ வாட்டரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். மீன் தொட்டிக்கும் ஆமைத் தொட்டிக்குமான தண்ணீரை முதல் நாளே டிரம்மில் பிடித்து, ஏர் பம்பில் இணைத்த ஏர் ஸ்டோன் (குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஆன்டி குளோரினை லேபிளில் சொன்ன அளவில் போடலாம். வாரம் ஒரு முறை தொட்டியில் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சில்தான் வாழ்கின்றன. ‘தொட்டியை முழுக்கக் கழுவிப் பளபளவென்று வைத்தோம், மூன்றாம் நாள் மீன் செத்துப்போச்சு’ என்பார்கள். இதுதான் காரணம்.

தீனியில் வரும் தவறுகளும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். பட்ஜி தினைக் கிண்ணம் நிரம்பியதுபோல் தெரியும். அதில் இருப்பது உமி மட்டுமாக இருக்கலாம். தினமும் கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதிப் பாருங்கள். ஒரு பறவைக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு தேக்கரண்டி தானியம், கூடவே நறுக்கிய கீரை, கேரட். தானியம் மட்டும் கொடுத்தால் வைட்டமின் ஏ குறையும். வாரம் ஒரு முறை ஒரு கிராம் துல்லியம் காட்டும் தராசில் எடை போடுங்கள். 35 கிராம் பறவை 3 கிராம் குறைந்தாலே பெரிய விஷயம்.

ஆமைகளுக்குக் காய்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்ப்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. கண் வீங்கி மூடிக்கொண்டு, ஓடு மிருதுவாகிப்போன ஆமைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஆமைகளுக்கான பெல்லட், கீரை, அவ்வப்போது சிறு மீன் முழுதாகக் கொடுங்கள். வளர்ந்த ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தனி டப்பில் வைத்து ஊட்டினால் தொட்டித் தண்ணீர் பாதி அளவே அழுக்காகும்.

இகுவானா சுத்த சைவம். முட்டை, புழு எதுவும் வேண்டாம், சிறுநீரகம் கெடும். முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலையும் பூவும் அன்றாடம். பசலையும் தண்டுக்கீரையும் ஆக்சலேட் மிகுந்தவை, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு கை போதும். இகுவானாவுக்கும் ஆமைக்கும் புற ஊதா பி விளக்கு கட்டாயம். ஜன்னல் வெயில் போதும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வலு 6 முதல் 12 மாதத்தில் போய்விடும். மாட்டிய தேதியை மார்க்கரால் விளக்கின் மேலேயே எழுதிவிடுங்கள்.

வளர்ந்த பைத்தானுக்கு 10 முதல் 14 நாளுக்கு ஓர் எலி போதும். எலியின் பருமன் பாம்பின் உடலின் தடித்த பகுதியை மிஞ்சக் கூடாது. உறைந்த எலியை முதல் நாள் இரவே அதற்கென்றே வைத்த ஃபிரிட்ஜில் இளகவைத்து, வெந்நீரில் சூடேற்றி, நீண்ட இடுக்கியால் கொடுங்கள். ஊட்டிய பிறகு 48 மணி நேரம் தூக்கக் கூடாது, கக்கிவிடும். சில மாதம் தின்னாமல் இருப்பது இந்த இனத்துக்கு இயல்பு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மட்டுமே கவலைப்படுங்கள். ஹீட்டர் தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஒயர், பாம்பு படுக்கும் இடத்திலேயே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். அது கழன்று குளிர்ந்த மூலையில் விழுந்தால் ஹீட்டர் நிற்காமல் ஓடும், பாம்பின் வயிறு வெந்துபோகும். சூடான பக்கம் 31–33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–27 டிகிரி இருக்க வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் உங்கள் வேலை விலங்கின் பக்கம் நிற்பது. நாற்பது மாணவர்கள் ஒன்றாக நுழைந்தால் கண்ணாடியைத் தட்டத்தான் செய்வார்கள். பத்துப் பத்துப் பேராக விடச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், ஆமையையும் இகுவானாவையும் அதில் சேர்க்க மறுத்துவிடுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் தொடவே கூடாது. மற்றவர்கள் தொட்டாலும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், சானிடைசர் மட்டும் போதாது. உங்கள் வாளிகளைக் கழுவும் தொட்டி கேன்டீன் பக்கம் இருக்கவே கூடாது.

வார விடுமுறையிலும் பண்டிகையிலும் விலங்குகளுக்கு விடுமுறை இல்லை. நீங்களும் உதவியாளரும் மாறி மாறி வர வேண்டும். போகி அன்று விடியலுக்கு முன்பே ஜன்னல்களை மூடிவிடுங்கள், வெளிக்காற்றை இழுக்கும் விசிறியையும் நிறுத்துங்கள். பறவையின் நுரையீரலுக்குப் புகை சட்டென்று ஏறும். தீபாவளி இரவுகளில் பட்ஜிகள் இருட்டில் மிரண்டு கம்பியில் மோதும், ஒரு மங்கலான விளக்கு எரியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தானிய மூட்டை ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

மாலையில் புறப்படும் முன் ஹீட்டர், பம்ப், பூட்டு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். பதிவேட்டில் எவ்வளவு வைத்தோம் என்பதோடு எவ்வளவு மிஞ்சியது என்பதையும் எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். பறவையும் ஊர்வனவும் பார்க்கத் தெரிந்த மருத்துவரை இப்போதே பேசிவையுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலரிடம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் மூன்றைக் கொடுத்து, ஒரு முறை அவர் கையாலேயே தொட்டிக்குள் போட வைத்துக் காட்டுங்கள். மே மாத இரவில், மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டி பம்ப் இல்லாமல் விடியும்வரை தாங்காது. கரண்ட் போய்ப் பத்து நிமிடத்தில் இன்வெர்ட்டர் எடுக்காவிட்டால் பம்பைப் போடு, உடனே எனக்கு போன் செய் என்ற இரண்டு வரியும் உங்கள் எண்ணும் அவர் மேசையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.