மஃப்ளர் மட்டும்தான் பின்னத் தெரியும். தொப்பி, குழந்தை ஸ்வெட்டர் எல்லாம் பின்ன இன்னும் எவ்வளவு கற்றுக்கொள்ள வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான். மூன்று மஃப்ளர் முடித்துவிட்டேன், அடுத்துத் தொப்பிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிட் என்ற நேர்ப் பின்னல், பர்ல் என்ற மறுபக்கப் பின்னல் இரண்டும் கைக்கு வந்துவிட்டன. ஊசியில் கண்ணி, அதாவது நூல் வளையம், போடவும் முடிக்கவும் தெரியும். மிச்சம் இருப்பவை மூன்று: வட்டமாகப் பின்னுவது, கண்ணி குறைப்பது, அளவெடுப்பது. முதல் இரண்டும் ஓரிரு மாலைகளில் பழகிவிடும். மூன்றாவதுதான் ஆளைச் சோதிக்கும். மஃப்ளர் நான்கு விரல் அகலம் கூடினாலும் மஃப்ளர்தான். தொப்பி அப்படி இல்லை, அது ஒரு தலையில் உட்கார வேண்டும்.

என் முதல் தொப்பி அண்ணனுக்காகப் பின்னியது. பேட்டர்னில், அதாவது பின்னும் குறிப்பில், 88 கண்ணி, 5 மி.மீ. ஊசி என்று இருந்தது. அதே ஊசியில், அதே தடிமன் நூலில் நானும் 88 போட்டேன். ஒன்பது நாள் வேலை. அண்ணன் தலையில் வைத்ததும் புருவத்தைத் தாண்டி இறங்கிக் கண்ணை மூடியது. பேட்டர்ன் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பேட்டர்ன் சரியாகத்தான் இருந்தது. அதை எழுதியவர் கையில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி வந்திருக்கிறது, என் கையில் 16தான் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 என்றால் 88 கண்ணிக்கு 49 செ.மீ. சுற்றளவு. 16 என்றால் 55 செ.மீ. இரண்டே இரண்டு கண்ணி வித்தியாசம் தொப்பியில் ஆறு செ.மீ. ஆகிவிட்டது.

பெரியவர்களின் தலைச்சுற்றளவு சுமாராக 56 செ.மீ. இருக்கும். தொப்பி அதைவிட ஐந்து முதல் ஏழு செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழுபட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும். என்னுடையது தலை அளவுக்கே இருந்தது, அதனால் நிற்கவில்லை.

அதனால் மாதிரித் துண்டை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். குறைந்தது 15 செ.மீ. அகலத்துக்குப் பின்னி, தொப்பியை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காய்ந்த பிறகு அளவெடுங்கள். உல்லன் நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து விரிந்துகொடுக்கும். துவைக்கும் முன் எடுத்த அளவை நம்ப முடியாது. ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் ஸ்கேலை வைத்து 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். அரைக் கண்ணி வந்தால் அரை என்றே எழுதுங்கள், முழுசாக்கிவிடாதீர்கள். பேட்டர்னில் சொன்னதைவிடக் கண்ணி குறைவாக வந்தால் ஊசியை ஒரு அளவு சிறிதாக்குங்கள், கூடுதலாக வந்தால் பெரிதாக்குங்கள். எனக்கு 4.5 மி.மீ. ஊசிதான் சரியாக வந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பலருக்குப் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடக் கொஞ்சம் தளர்வாக விழும். தொப்பியை வட்டமாகப் பின்னும்போது உடல் பகுதி முழுக்க நிட் மட்டும்தான், பர்ல் வரிசையே கிடையாது. ஆகவே போய்த் திரும்பிப் பின்னிய மாதிரியில் வரும் அளவும் தொப்பியில் வரும் அளவும் ஒன்றாக இருக்காது. வட்ட ஊசியிலேயே (இரண்டு முனைகளை வளையும் கம்பி இணைக்கும் ஊசி) மாதிரியைப் போடுங்கள்: ஒரு வரிசை முடிந்ததும் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கம் தளர்வாக விட்டு, மறுபடி நிட். பின்னால் நூல் தொங்கிக்கொண்டு அழகில்லாமல்தான் இருக்கும், ஆனால் அளவு சரியாகக் கிடைக்கும்.

சரி, வட்டமாக இணைக்கும் இடத்துக்கு வருவோம். போட்ட கண்ணிகள் ஊசியில் எங்காவது முறுக்கிக்கொண்டு, அதைக் கவனிக்காமல் இணைத்துவிட்டால், பின்னியது முழுக்க ஒரு திருகோடு வரும். பிரிப்பதைத் தவிர வழியே இல்லை. எனக்குப் பலன் தந்த வழி இது: முதல் இரண்டு வரிசையை மஃப்ளர் போலப் போய்த் திரும்பிப் பின்னிவிட்டு, அப்புறம் இணையுங்கள். இரண்டு வரிசை அகலம் வந்துவிட்டால் முறுக்கு பளிச்சென்று தெரியும். கீழே விழும் சின்ன இடைவெளியை, ஆரம்பத்தில் தொங்கும் நூல்முனையால் கடைசியில் தைத்துவிடலாம்.

40 செ.மீ. வட்ட ஊசி பெரியவர் தொப்பிக்குப் போதும். ஆனால் உச்சியை நெருங்கி, கண்ணி குறையக் குறைய, ஊசியைச் சுற்றிவர அவை எட்டாது. அப்போது இருமுனை ஊசிகளுக்கு மாறுவார்கள். நான் 80 செ.மீ. ஊசியையே எடுத்து, நடுக்கம்பியை வளையமாக வெளியே இழுத்துவிட்டு இரண்டு பாதியாகப் பின்னுகிறேன். குழந்தைத் தொப்பி, ஸ்வெட்டர் கை, காலுறை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நீளம் போதும்.

உச்சிதான் எனக்குத் தொப்பியிலேயே பிடித்த இடம். 88 கண்ணியை எட்டுப் பங்காகப் பிரித்தால் பங்குக்குப் 11. ஒவ்வொரு பங்கின் கடைசி இரண்டு கண்ணியையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னினால் ஒரு சுற்றுக்கு எட்டுக் குறையும். 40 ஆகும்வரை ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் குறையுங்கள், அதன்பின் எல்லாச் சுற்றிலும் குறையுங்கள். எட்டுக் கோடுகள் நடுவை நோக்கி லேசாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டே போவது கண்ணெதிரே தெரியும். கடைசியில் எட்டே எட்டுக் கண்ணி. நூலை வெட்டி, தையல் ஊசியில் கோத்து, எட்டுக்குள்ளும் விட்டு மெல்ல இழுத்தால், நடுவில் இருந்த ஓட்டை சுருங்கிச் சுருங்கி மூடிக்கொள்ளும். எத்தனையோ தொப்பி பின்னியாகிவிட்டது, இன்றும் அந்த ஒரு இழுப்புக்காகத்தான் இரவில் கண் விழித்து உட்காருகிறேன்.

அண்ணனின் தொப்பியைப் பிரித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும், அப்படியே மறுபடி பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக விழாது. நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நேராகிவிடும்.

குழந்தைத் துணிகளுக்கு நூலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடிக்கடி துவைத்தாக வேண்டும் என்பதால் மெஷினில் போடக்கூடிய மெரினோ நல்லது, மென்மையான அக்ரிலிக்கும் பரவாயில்லை. பருத்தி நூல் தோலுக்குச் சுகம்தான். ஆனால் இழுத்தால் பழைய அளவுக்குத் திரும்பாது. தொப்பி விளிம்பு சீக்கிரம் தொளதொளவென்று ஆகிவிடும், அதனால் பருத்தியை ஸ்வெட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள், சூட்டில் இழை தளர்ந்து உயிரில்லாமல் தொங்கும்.

பிறந்த குழந்தையின் தலை சுமார் 35 செ.மீ. ஆறு மாதத்தில் 43 செ.மீ. பக்கம் வந்துவிடும். இவ்வளவு வேகமாக வளர்வதால் பிறந்த அளவுக்குப் பின்னாமல் ஆறு மாத அளவுக்கே பின்னுகிறேன். தொப்பியில் கட்டும் கயிறோ பிய்ந்து வரக்கூடிய குஞ்சமோ வைப்பதில்லை. குழந்தை தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடச் சொல்லியும் கொடுக்கிறேன், நழுவி முகத்தை மூடலாம், உடல் சூடும் ஏறலாம்.

முதல் ஸ்வெட்டருக்குக் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லான் முறையை (கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்கோடாகக் கை இணையும் முறை) எடுங்கள், முன்பக்கம் திறந்ததாக. குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, தலைவழியாகப் போட்டால் அழும். முன்பக்கம் திறந்திருந்தால் போய்த் திரும்பித்தான் பின்ன வேண்டும், அது உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். நான்கு சாய்கோடுகள், ஒவ்வொன்றின் இருபுறமும் ஒரு கண்ணி கூட்டுவது, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் எட்டு எட்டாகக் கூடும். அக்குள் வந்ததும் கைகளின் கண்ணிகளை வேறு நூலில் கோத்து நிறுத்திவிட்டு, உடலை முடித்து, பிறகு கைகளுக்குத் திரும்பலாம். பக்கத் தையலே கிடையாது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் குழந்தை மேல் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பெரியவர் தொப்பி, அப்புறம் குழந்தைத் தொப்பி, அதற்கப்புறம் ஸ்வெட்டர். இந்த வரிசையில் போங்கள். இன்றைக்கு மாதிரித் துண்டைப் போட்டுவிட்டு, துவைத்துக் காய்ந்ததும் 10 செ.மீ.யில் எத்தனை கண்ணி, யாருடைய தலை, எத்தனை செ.மீ. என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை கண்ணி போட வேண்டும் என்று சேர்ந்தே கணக்குப் பார்த்துவிடலாம்.