பழைய வீடியோ கேம்கள் இளைஞர்களுக்கு ஏன் சலிப்பாகத் தெரிகின்றன? கிராபிக்ஸ்தான் காரணமா?

கிராபிக்ஸ் காரணமில்லை என்பதே என் கருத்து. 2015இல் வந்த அண்டர்டேல், 2016இல் வந்த ஸ்டார்ட்யூ வேலி ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் பழைய பாணியில் சிறு கட்டங்களால் ஆன பிக்சல் படங்கள்தான்; இளைஞர்கள் அவற்றைக் கொண்டாடுகிறார்கள்.

உண்மையான தடை விளையாடும் முறையில் இருக்கிறது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ஆட்டத்தைச் சேமிக்க வழி கிடையாது. மெஷினை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆட்டம் தானாகவே சேமித்துக்கொள்ளும் காலத்தில் வளர்ந்தவருக்கு இது தண்டனை மாதிரி இருக்கும். அப்புறம், அன்று பல ஆட்டங்களின் விதிகளை விளக்கியது பெட்டியோடு வந்த கையேடு. அது இல்லாமல் விளையாடுபவர் திணறினால் அவருக்குத் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. பெரியவர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்வது எனக்கு வருத்தம்தான்.

சொல்லப்போனால், இருபரிமாண ஆட்டங்களைவிட ஆரம்பகால முப்பரிமாண ஆட்டங்களில்தான் அவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64இல் கேமராவை, அதாவது பார்க்கும் கோணத்தைத் திருப்ப, இன்றைய கன்ட்ரோலர்களில் இருப்பதுபோல் விரலால் அசைக்கும் இரண்டாவது ஸ்டிக் கிடையாது, பட்டன்கள்தான். கைப்பழக்கமே மாற வேண்டும்.

தம்பி தங்கைக்குப் பழைய ஆட்டம் காட்ட நினைத்தால், எந்த இடத்திலும் சேமிக்க விடும் மறுவெளியீடாகப் பார்த்துக் கொடுங்கள்.