மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள்: இது என்ன முள்செடி?

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டிய முள்காட்டில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு புதர் நிற்கிறது. பூங்கொத்து தொங்குகிறது, மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். செல்போன் செயலி ஒரு தடவை சீமைக்கருவேல் என்கிறது, இன்னொரு தடவை தொட்டாச்சிணுங்கி என்கிறது. வீட்டில் வெட்டிப் போடச் சொல்கிறார்கள். வெட்டலாமா?

பதில்: அரிவாளை எடுக்க அவசரப்படாதீர்கள். இரண்டு நிறப் பூ என்று எழுதினீர்களே, அதுவே போதும், அது விடத்தலை. விடத்தேர் என்றும் சொல்வார்கள், தாவரவியல் பெயர் டைக்ரோஸ்டேக்கிஸ் சினேரியா. நம் வறண்ட முள்காட்டில் இயல்பாகவே வளரும் செடி.

அந்தப் பூவை ஒரு தடவை கையில் பிடித்துப் பாருங்கள். மேலே நீள நீளமான நூல்களாக விரிந்திருக்கிறதே இளஞ்சிவப்பு, அது வெறும் மலட்டுப் பூ, நாள்பட வெளுத்து வெள்ளையாகிவிடும். காய் பிடிப்பதெல்லாம் கீழே இருக்கும் மஞ்சள் பகுதியில்தான், அதனால்தான் நெற்றுகள் சுருண்டு முறுக்கிக்கொண்டு ஒரே கொத்தாகத் தொங்குகின்றன. சீமைக்கருவேலின் பூக்கதிர் முழுக்க ஒரே வெளிர்மஞ்சள், நெற்றும் நீளமாகத் தனித்தனியாக இருக்கும், இப்படி உருண்டையாகச் சுருளாது. தொட்டாச்சிணுங்கியோ தரையோடு படரும் சின்னச் செடி, ஆள் உயரத்துக்கு வளராது, செயலி எப்படி அப்படிச் சொன்னதோ!

சரி, பூ இல்லாத மாதத்தில் என்ன செய்வது? முள்ளைப் பாருங்கள். விடத்தலையின் முள் என்பது உண்மையில் ஒரு குட்டிக் கிளைதான், நுனி மட்டும் கூராகிவிட்டது, ஆகவே முள்ளின் மேலேயே இலை முளைத்திருப்பதைப் பார்க்கலாம். சீமைக்கருவேலின் முள் மொட்டையாக இருக்கும். இலையிலும் வித்தியாசம் உண்டு, விடத்தலை இலையின் நடுக்காம்பிலிருந்து பல ஜோடிக் கிளைக்காம்புகள் பிரியும், அவற்றில் சிற்றிலைகள் மிகப் பொடியாக இருக்கும், சீமைக்கருவேலில் கிளைக்காம்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு ஜோடிதான்.

சீமைக்கருவேலை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முள் இருப்பதையெல்லாம் வழித்துப் போடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். இது தானாக வந்த வேலி, அப்படியே விடுங்கள். வயலுக்குள் வரும் கன்றுகளை மட்டும் சின்னதிலேயே வேரோடு பிடுங்குங்கள், மேலாக வெட்டினால் வேரிலிருந்து கூட்டமாகக் கிளம்பும். ஆடுகள் நெற்றை ஆசையாகத் தின்னும், அப்புறம் விதை எங்கே போய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை.