சாவியைக் கொடுத்தது யார்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். 17 வயது தங்கை மகனுக்கு லைசென்ஸ் இல்லை. அவசரத்துக்கு என் மோட்டார் சைக்கிளைக் கொடுத்து டவுனுக்கு அனுப்பினேன். சைக்கிளில் வந்த பெரியவர்மேல் மோதிவிட்டான். அவருக்குக் கால் முறிவு. பார்க்காமல் குறுக்கே வந்தது அவர்தான். அவர் மகனோ 9,000 ரிங்கிட் கேட்டு வீட்டு வாசலில் வந்து கத்துகிறார். போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. அதை மாற்றி, 'நான்தான் ஓட்டினேன்' என்று சொல்லிவிடலாம் என்கிறார் தங்கை வீட்டுக்காரர். செய்யலாமா?

பதில்: ஐயா, வாசலில் யார் கத்தினார் என்பதை வைத்து வழக்கு நடத்த முடியாது. சாவியை நீங்கள் கொடுத்தீர்கள். விஷயமே அதுதான். மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு ஓட்டியவனோடு, ஓட்டவிட்டவரையும் பிடிக்கும். 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பெரியவர் குறுக்கே வந்தது நிரூபணமானால் இழப்பீடு ஓரளவு குறையும். லைசென்ஸ் இல்லை என்பதற்காகவே மொத்தத் தவறும் பையன் தலையில் விழாது. உங்களுக்குச் சாதகம் அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டை மாற்றும் யோசனைக்கு வருகிறேன். என்னிடம் வந்தவர்கள் வசமாக மாட்டிக்கொண்டது இதில்தான். முதல் ரிப்போர்ட் எங்கும் போய்விடாது. பையன் சிராய்ப்புக்கு மருந்து போட்டிருந்தால் அந்தக் கிளினிக்கிலும் பதிவு இருக்கும். பெரியவரே ஆளை அடையாளம் காட்டுவார். அபராதத்தோடு முடியக்கூடியது, பொய்த் தகவல் கொடுத்ததாகத் தண்டனைச் சட்டம் 182ஆம் பிரிவின் கீழ் உங்கள் பேரில் இன்னொரு வழக்காகிவிடும். நாளை கோர்ட்டில் நீங்கள் உண்மையே சொன்னாலும் மாஜிஸ்திரேட் நம்பமாட்டார். உங்கள் இன்சூரன்ஸுக்கும் அதுவே நல்ல சாக்கு.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லைசென்ஸ் உள்ளவர்தான் ஓட்ட வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. கம்பெனி கையை விரிக்கலாம்; அல்லது பெரியவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வரலாம். 'அவனே சாவியை எடுத்துப் போனான்' என்று கதை கட்டினாலும் உங்கள் கடிதம் போல எங்காவது ஒரு காகிதம் காட்டிக்கொடுக்கும்.

9,000 அநியாயமாகத் தோன்றலாம். கால் முறிவுக்கு கோர்ட் இதைவிட அதிகம் போடக்கூடும், வக்கீல் செலவு தனி. பேசி முடியுங்கள். ஆனால் முதலில் இன்சூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை வாங்குங்கள். அவர்களைக் கேட்காமல் பணம் கொடுத்தால் அதையும் நிபந்தனை மீறல் என்பார்கள். அப்புறம் தொகையைத் தவணையாகக் கேளுங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பெரியவரே கையெழுத்திட வேண்டும், மகன் இட்டால் போதாது. காசைக் கையில் கொடுக்காமல் வங்கிவழி போடுங்கள்.

போலீஸ் வழக்கு இதனால் நின்றுவிடாது, சம்மன் வந்தால் இருவரும் போயாக வேண்டும். 16 வயதிலேயே மோட்டார் லைசென்ஸ் எடுத்திருக்கலாம். இப்போதாவது எடுக்கட்டும். 'எல்' (பழகுநர் லைசென்ஸ்) கிடைத்ததும் தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடப் போகிறான், அதற்கு அனுமதி கிடையாது. டெஸ்ட் பாஸாகும்வரை சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.