வெட்டி வேலையைக் கிண்டல் செய்யும் புத்தகங்கள்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

கேள்வி அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். போன வாசகர் கூட்டத்தில், யாருக்கும் பயன்படாத அலுவலக வேலைகளைக் கிண்டல் செய்யும் நகைச்சுவைப் புத்தகங்களைப் பற்றிப் பேசினேன். அதையொட்டி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் புத்தகங்கள் மேல் எனக்குள்ள பிரியம் அந்த மேஜையில் உட்கார்ந்தபோது வந்ததுதான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், இந்த வகையில் முதலில் எதைப் படிக்கலாம்? (கல்லூரி மாணவி, சேலம்)

பார்க்கின்சனைத்தான் சொல்வேன். சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் கடற்படை வரலாறு எழுதிய ஆங்கிலேயர். 1950களில் சிங்கப்பூரில், அன்றைய மலாயா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1955 நவம்பர் 19 தேதியிட்ட 'எகனாமிஸ்ட்' இதழில் அவர் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று பெயர் போடாமல் வந்தது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரத்துக்கும் அந்த வேலை நீளும் என்று ஆரம்பிக்கும். 1957இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் 'பார்க்கின்சன்ஸ் லா' என்ற புத்தகமாக வந்தது.

ஆரம்பத்திலேயே ஒரு பாட்டி வருகிறார். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. போக்னர் ரீஜிஸ் என்ற ஊரில் இருக்கும் உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு தபால் அட்டை போட வேண்டும், அவ்வளவுதான். அட்டையைத் தேட ஒரு மணி நேரம் ஆகிறது, மூக்குக் கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம். முகவரிக்கு அரை மணி, எழுத ஒன்றேகால் மணி. பக்கத்துத் தெருத் தபால் பெட்டிக்குப் போகக் குடை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க மட்டும் இருபது நிமிடம்! வேலை மிகுந்த ஒருவர் மூன்று நிமிடத்தில் முடித்திருக்கும் காரியம் அது. பாட்டியோ கவலைப்பட்டு, களைத்துப்போய், ஒரு நாளையே அதற்குக் கொடுத்துவிடுகிறார். இந்த ஒரு பத்தி பிடித்துப்போனால் மொத்தப் புத்தகமும் பிடிக்கும்.

நானும் அதைப் படித்தேன். பொருளாதாரப் பாடம் மாதிரிதான் தெரிந்தது. சிரிப்பு எங்கே இருக்கிறது? (வங்கி ஊழியர், கோவை)

'ஏ' என்ற அதிகாரியின் கதையை மறுபடி ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள் சார். தனக்கு வேலை அதிகம் என்று ஏ நினைக்கிறார். ராஜினாமா செய்யலாம். சக அதிகாரி பியுடன் வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது தனக்குக் கீழே சி, டி என்று இரண்டு பேரைக் கேட்கலாம். ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடும். பியோடு பிரித்துக்கொண்டால், நாளைக்குப் பதவி உயர்வில் அவரே போட்டிக்கு வந்துவிடுவார். அதனால் சியும் டியும் வருகிறார்கள். ஒருவர் மட்டும் வந்தால் அவர் ஏறக்குறைய ஏவுக்குச் சமமாகிவிடுவார் என்பதால் எப்போதும் இரண்டு பேர்தான். கொஞ்ச காலத்தில் சி தனக்கு வேலை அதிகம் என்கிறார். அவருக்கு இ, எஃப் என்று இரண்டு பேர் வருகிறார்கள். டி வருத்தப்படக் கூடாதே, அவருக்கும் ஜி, எச் என்று இரண்டு பேர். ஒருவர் செய்த வேலைக்கு இப்போது ஏழு பேர்.

அப்புறம் ஒரு கடிதம் உள்ளே வருகிறது. இது எஃப் பார்க்க வேண்டியது என்று இ முடிவு செய்கிறார். எஃப் ஒரு பதில் வரைவு எழுதி சியிடம் வைக்கிறார். சி அதை நன்றாகத் திருத்தி டியின் கருத்தைக் கேட்கிறார். டி அதை ஜியிடம் தள்ளுகிறார். ஜி லீவில் போகிறார், ஃபைல் எச்சிடம் போகிறது. எச் எழுதிய குறிப்பில் டி கையெழுத்துப் போட, சி அதை வைத்து வரைவை மாற்றி ஏவிடம் கொண்டுபோகிறார். ஏ நேர்மையான மனிதர். படிக்காமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. சியும் எச்சும் சேர்த்த பத்திகளை அடித்து, இலக்கணத்தைச் சரிசெய்து, கடைசியில் ஒரு பதிலை உருவாக்குகிறார். அந்த ஆறு பேரும் பிறக்காமலே இருந்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பாரோ அதே பதில்! பொழுது சாய்ந்த பிறகு களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்புகிறார்.

இதில் சோம்பேறி என்று ஒருவர்கூட இல்லை, கவனித்தீர்களா? எல்லோரும் மெய்யாகவே உழைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததும் அங்கேதான், தொண்டை அடைத்ததும் அங்கேதான்.

அதில் வரும் கடற்படைக் கணக்கு நிஜமா, வேடிக்கைக்காக எழுதியதா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை)

பிரிட்டிஷ் கடற்படை புள்ளிவிவரங்களிலிருந்து எடுத்துத் தந்த எண்கள் அவை. 1914இல் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62; 1928இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 ஆனார்கள். கப்பல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, மேஜைகள் முக்கால் பங்குக்கு மேல் பெருகின. பிரிட்டனின் காலனி நாடுகளைக் கவனித்த காலனி அலுவலகத்திலும் இதே கதைதான்: 1935இல் 372 பேர், 1954இல் 1,661 பேர்.

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. 1940லும் 1945லும் காலனி மேம்பாட்டுக்கென்று பிரிட்டன் புதிய சட்டங்கள் கொண்டுவந்தது. அதற்கான வேலைகளும் அந்த அலுவலகத்தின் தலையில்தான் விழுந்தன. அதனால் அங்கே கூடிய ஆட்கள் எல்லோருமே வெட்டி என்று சொல்லிவிட முடியாது. கூடவே ஒரு சூத்திரம் தந்து, ஆண்டுதோறும் ஆட்கள் 5.17 முதல் 6.56 சதவீதம் வரை பெருகுவார்கள் என்று சொல்கிறாரே, அது கணக்குப் புத்தகத்தைக் கேலி செய்வதற்காக எழுதியது. அதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள் தம்பி.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக் கதையும் இவருடையதுதானா?

ஆமாம், அதே புத்தகம்தான். நிதிக் குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம், கூட்டத்தில் தரும் காபிக்கு ஒன்றேகால் மணி நேரம். உலை யாருக்கும் புரியாது, காபி எல்லோருக்கும் தெரியும்.

ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன் அக்கா. இன்றைய வேலைகளைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? எனக்கு மேலே நாலு மானேஜர்கள், நாலு பேருக்கும் ஒரே ஸ்டேட்டஸை நாலு விதமாக அனுப்புகிறேன். (சென்னை)

டேவிட் கிரேபரைப் படியுங்கள். லண்டனில் பாடம் நடத்திய அமெரிக்க மானுடவியலாளர், 2020இல் காலமானார். 2013இல் ஒரு சிறு பத்திரிகையில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டு 'என் வேலையும் இப்படித்தான்' என்று பலர் எழுதி அனுப்ப, 2018இல் 'புல்ஷிட் ஜாப்ஸ்' புத்தகம் வந்தது. நகைச்சுவை நூல் என்று யாரும் அதை அடுக்கி வைப்பதில்லை, ஆனால் நான் பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆரம்பத்தில் வரும் ஜெர்மன் ராணுவக் கதை ஒன்று போதும். ஒரு சிப்பாய் இரண்டு அறை தள்ளி இடம் மாறுகிறார். அவருடைய கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும். அவர் படிவம் நிரப்புகிறார். அது ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு நிறுவனம், அப்புறம் மூன்றாவது. கடைசியில் ஓர் ஊழியர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வருகிறார். கம்ப்யூட்டரைக் கழற்றிப் பெட்டியில் போட்டு முத்திரை வைக்கிறார். வேறொருவர் அதை அடுத்த அறைக்குத் தூக்கிப் போகிறார். இவர் முத்திரையை உடைத்து, திரும்ப மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். தூரம் ஐந்து மீட்டர்.

உங்கள் ஸ்டேட்டஸ் விஷயத்துக்கும் அவரிடம் இடம் இருக்கிறது. வீண் வேலைகளை ஐந்தாகப் பிரிக்கிறார். அதில் ஒன்று, ஒரு காரியம் நடந்ததாகக் காட்டுவதற்காகவே கட்டத்தில் டிக் அடிக்கும் வேலை. இன்னொன்று, தேவையில்லாத மேற்பார்வை. உங்களுக்கு வாய்த்திருப்பது இரண்டும் சேர்ந்தது.

அப்படியானால் பாதிப் பேர் வேலை வீண்தானா? (பத்திரிகையாளர், திருச்சி)

இல்லை. கட்டுரைக்குப் பிறகு 2015இல் பிரிட்டனில் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தங்கள் வேலையால் உலகத்துக்கு அர்த்தமுள்ள பயன் எதுவும் இல்லை என்று 37 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆனால் அதே 2015இல் எடுத்த ஐரோப்பிய வேலைநிலைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வு, தங்கள் வேலை பயனற்றது என்று உணர்பவர்கள் சுமார் 5 சதவீதம்தான் என்கிறது. கேள்வி வேறு, பதிலும் வேறு. உலகத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டால் யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். உன் வேலை உபயோகமானதா என்று கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்.

அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறு விஷயம். குப்பை அள்ளுபவர்களிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் அந்த உணர்வு கூடுதலாக இருந்தது. அவர்கள் வராவிட்டால் ஊரே நாறிவிடும். மதிக்காத மேலதிகாரியும் மோசமான நிர்வாகமும் அவர்களை அப்படி உணர வைக்கின்றன. கிரேபர் இந்தப் பக்கத்தைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்பது என் கருத்து.

ஸ்பெயினில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வேலைக்கே போகாமல் சம்பளம் வாங்கினாராமே, வாட்ஸ்அப் கதையா?

நடந்ததுதான். காடிஸ் நகரம், 2016இல் செய்தியானது. இருபது ஆண்டு சேவைக்காகப் பதக்கம் தர அவரைத் தேடியபோதுதான் ஆள் இல்லை என்று தெரிந்திருக்கிறது. சுமார் 27,000 யூரோ அபராதம். அவர் தரப்பு என்னவென்றால், தன்னை ஓரங்கட்டினார்கள், செய்வதற்கு அங்கே வேலையே இல்லை என்பதுதான்.

பீட்டர் தத்துவம் என்பதும் இதேதானா?

வேறு. 1969இல் லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் எழுதியது. நன்றாக வேலை செய்பவரை உயர்த்திக்கொண்டே போவார்கள், அவரால் முடியாத நாற்காலிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடுவார் என்பது அதன் சாரம். பார்க்கின்சன் ஆள் பெருகுவதைச் சொல்கிறார், பீட்டர் ஆள் தேங்குவதைச் சொல்கிறார். படிக்க ஜாலியாக இருக்கும், ஆனால் நூறு பக்கத்துக்குப் பிறகு ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

அம்மா, என் மகன் படித்து முடித்து மூன்று வருடமாக வேலை தேடுகிறான். இருக்கிற வேலையைக் கிண்டல் செய்வது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு இல்லையா? (தஞ்சாவூர்)

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. வேலைக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கும் புத்தகங்களும் இருக்கின்றன. அவை எனக்குப் பிடிக்காது. ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணையும் பியூனையும் கேலி செய்து பக்கம் நிரப்புவார்கள். நான் மேலே சொன்னவை அப்படிப்பட்டவை இல்லை. உங்கள் மகனைப் போன்ற ஒரு பிள்ளை வேலையில் சேர்ந்து, அறிவும் உடம்பும் தேய உழைத்து, அந்த உழைப்பு யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளும் துயரத்தை அவை சொல்கின்றன. கிரேபருக்கு எழுதியவர்களில் பலர் நல்ல சம்பளம் வாங்கியவர்கள். அப்படியும் மனம் உடைந்துபோயிருந்தார்கள்.

நம் நாட்டில் இந்த நகைச்சுவை வேறு இடத்தில் நிற்கிறது. மேலைநாட்டுப் புத்தகம் மேஜைக்கு உள்ளே இருப்பவரைப் பார்க்கிறது. நம்முடையது மேஜைக்கு வெளியே நிற்பவரைப் பார்க்கிறது. ஹிந்தியில் ஹரிசங்கர் பர்சாய் எழுதிய 'போலாராமின் உயிர்' என்ற சிறுகதை அப்படிப்பட்டது. ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் பென்ஷன் வராமலே ஒருவர் இறந்துபோகிறார். உயிர் மேலே வந்து சேரவில்லை. நாரதர் தேடிக்கொண்டு ஜபல்பூருக்கு வருகிறார். அலுவலகத்தில், விண்ணப்பத்தின் மேல் ஏதாவது 'எடை' வைக்கச் சொல்கிறார்கள். நாரதர் தன் வீணையை வைக்கிறார். ஃபைல் வருகிறது. பெயரைச் சத்தமாகச் சொன்னதும் ஃபைலுக்குள்ளிருந்து குரல் கேட்கிறது: யாரது, போஸ்ட்மேனா? பென்ஷன் ஆர்டர் வந்துவிட்டதா? சொர்க்கத்துக்கு வா என்று கூப்பிட்டாலும் வர மறுக்கிறது அந்த உயிர். பத்து நிமிடக் கதைதான். மகனையும் படிக்கச் சொல்லுங்கள்.

என் அலுவலகத்தை வைத்துத் தமிழில் இப்படி ஒன்று எழுத ஆசை. எங்கே தொடங்குவது? (அரசு ஊழியர், விழுப்புரம்)

ஒரே ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இன்மை அறிக்கை' உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கேட்ட விவரம் எங்களிடம் எதுவும் இல்லை என்று மாதாமாதம் அனுப்பும் அறிக்கை அது. எங்கள் பிரிவிலிருந்தும் ஒன்று போகும். நீளவாக்கில் கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு கட்டத்திலும் 'இல்லை'. அதற்கொரு முகப்புக் கடிதம். அது தாமதமானால் நினைவூட்டு வரும். நினைவூட்டுக்குப் பதில் எழுதும்போது 'பார்வை'யில் பழைய கடிதம், நினைவூட்டு எல்லாவற்றின் எண்ணும் தேதியும் வரிசையாக வர வேண்டும். எங்கள் தட்டச்சர் அந்த 'இல்லை'களை ஒரே நேர்கோட்டில் அமைப்பார். ஒன்று விலகினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக அடிப்பார்.

அந்த அறிக்கையைப் பார்த்துத் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அந்தத் தட்டச்சர் மேல் மரியாதை கூட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் நடந்துவிட்டால் உங்களுக்கு எழுத்து வந்துவிட்டது. பெயர்களையும் ஊரையும் மாற்றிவிடுங்கள், கோப்பு நகரும் வழியை மட்டும் மாற்றாதீர்கள். அதைக் கற்பனையில் உண்டாக்க முடியாது.

மானேஜருக்குப் பிரிவுபசாரப் பரிசாக இதில் எதைக் கொடுக்கலாம்?

பார்க்கின்சன் கொடுங்கள், சின்னப் புத்தகம், ஓவியங்களும் உண்டு. கிரேபரை அவர் போன பிறகு நீங்களே வாங்கிப் படியுங்கள்.